நிலக்கரியில்லா நிலத்தின் நிலக்கரி வரலாறு: கொங்குத் தொழில் வளர்ச்சியும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் தொழில் வரலாறு பெரும்பாலும் பருத்தி, ஆலை, வார்ப்படம், மோட்டார் பம்பு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அத்தொழில்களை இயக்கிய எரிபொருளின் வரலாறு தனித்து நோக்கப்படவில்லை. நிலக்கரிப் படிவம் சிறிதும் இல்லாத இந்நிலப்பகுதி மரக்கரி, வெளியிலிருந்து வந்த நிலக்கரி, அருவிநீர், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, தொலைமாநில நிலக்கரி எனப் படிப்படியாக எரிபொருளை மாற்றிக்கொண்டதை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலக்கரி இல்லாமை கொங்கு நாட்டுத் தொழில் வடிவத்தை வரையறுத்தது என்பதும், அவ்வில்லாமையை ஈடுசெய்த சுமையின் பெரும்பகுதியைக் கடலூர் மாவட்ட உழவர்கள் ஏற்றனர் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாம்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, மரக்கரி, கஞ்சமலை, பரங்கிப்பேட்டை இரும்பாலை, பைக்காரா, நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, உழவர் போராட்டம்.

முன்னுரை

தமிழில் ‘கரி’ என்னும் சொல் எரிந்து எஞ்சிய கருமைப் பொருளைக் குறிப்பது. அடுப்புக்கரி, மரக்கரி, கொட்டாங்கச்சிக் கரி என்பன நெடுங்காலம் புழங்கியவை. மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள் அறிமுகமான பின்னர் அதனை வேறுபடுத்தும் தேவை எழ, ‘நிலக்கரி’ என்னும் தொடர் வழக்கிற்கு வந்தது. பொருள் புதிதாக வந்தபோதும் பெயர் பழைய மரக்கரியை ஒட்டியே அமைந்தது. மக்கள் மரக்கரியை அளவுகோலாகக் கொண்டே நிலக்கரியைப் புரிந்துகொண்டனர் என்பதை இச்சொல்லாக்கம் உணர்த்துகிறது.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் ஆகிய மாவட்டங்களைத் தழுவிய கொங்குப் பகுதி பெரும்பாலும் மிகப் பழமையான கடினப் பாறைகளால் ஆனது. நைஸ், சார்னோக்கைட் முதலிய இப்பாறைகள் இரும்புக் கனிமத்தையும் வெள்ளைக்கல்லையும் பச்சைக்கல்லையும் தந்தன. நிலக்கரியோ தாவரங்கள் மக்கிப் படிந்த படிவுப் பாறைகளில் மட்டும் கிடைப்பது. அத்தகைய படிவுப் படுகைகள் இங்கு இல்லை. ஆகவே உலோகத்திற்குரிய கல் இருந்தும் அதனை உருக்குதற்குரிய நிலக்கரி இல்லாத நிலமாகக் கொங்கு அமைந்தது.

தமிழகத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழில் வளர்ந்த இடம் நெய்வேலி. அது கொங்கு எல்லைக்கு வெளியே, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் உள்ளது. இவ்விரு நிலப்பகுதிகளின் வரலாறும் தனித்தனியே எழுதப்பட்டு வந்துள்ளன. அவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போதே கொங்குத் தொழில் வளர்ச்சியின் முழு உருவம் புலப்படும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மரக்கரிக் காலம்

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் மேற்கொண்ட அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும் மணி செய்யும் தொழிலின் எச்சங்களையும் வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்தில் 67, 74 ஆகிய பாடல்களில் குறிக்கப்பெறும் கொடுமணம் என்னும் ஊரே இது என அறிஞர் கொள்வர். இவ்வூரின் உலைகளும் பிற்காலத்துக் கொங்கு உலைகளும் மரக்கரியைக் கொண்டே இயங்கின.

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் மேக்னடைட் கனிமம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சிற்றுலைகளில் உருக்கப்பட்டது. மலைச்சரிவிலும் ஓடைப்படுகையிலும் திரட்டிய கருமணலைக் கழுவி, களிமண் உலையில் கரியோடு மாறிமாறி இட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பைப் பிரித்தனர். அவ்விரும்பை எஃகாக்கும் முறையும் இங்கு வழங்கியது. சிறு மண்மூசையில் இரும்புத் துண்டையும் உலர்ந்த ஆவாரங் குச்சியையும் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துச் சூடேற்றினர். குச்சியிலிருந்தும் இலையிலிருந்தும் பிரிந்த கரிமம் இரும்போடு சேர, அது எஃகாயிற்று. கொங்கு நாட்டுப் புன்செய் வேலியோரங்களில் எளிதில் கிடைத்த ஆவாரையும் எருக்கும் இவ்வாறு உலோகத் தொழிலின் மூலப்பொருள்களாயின. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைப்படி 1800-01இல் மைசூர் முதல் மலபார் வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், கோயம்புத்தூர்ப் பகுதியிலும் இரும்பு உருக்கும் தொழிலைக் கண்டு எழுதியுள்ளார்.

இத்தொழிலின் அளவைக் கனிமம் வரையறுக்கவில்லை, கரியே வரையறுத்தது. உருகிவரும் இரும்பின் எடையைப் போலப் பல மடங்கு மரக்கரி தேவைப்பட்டது. கரிமூட்டம் போடுவோர் அணுகக்கூடிய காட்டின் தொலைவைப் பொறுத்தே உலையின் இடமும் நிலைத்தது. காடு விலக விலக உலையும் இடம்பெயர்ந்தது. சிற்றுலை எளிய அமைப்புடையதாக இருந்தமைக்கு இந்த இடப்பெயர்வும் ஒரு காரணம் எனலாம்.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

சேலத்து இரும்பைப் பெருந்தொழிலாக்கும் முதல் முயற்சி 1830இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், தென்னார்க்காட்டுக் கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஊது உலைகளை நிறுவினார். கனிமம் சேலத்திலிருந்து பரிசல்களில் ஏற்றப்பட்டுக் காவிரி, கொள்ளிடம் வழியே கொண்டுசெல்லப்பட்டது. அரபிக் கடற்கரையில் பேப்பூரிலும், சேலம் மாவட்டத்தில் காவிரிக்கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் பின்னர் உலைகள் அமைந்தன. இங்கு உருவான இரும்பின் தரம் இங்கிலாந்திலும் மதிக்கப்பட்டது. எனினும் தொழில் ஊதியம் தரவில்லை. நிறுவனம் கைமாறி, 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் பெயரில் புதிதாக அமைக்கப்பட்டபோதும் 1860களில் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்தன.

இவ்வீழ்ச்சிக்கு முதல்தேவை, மேலாண்மை, இங்கிலாந்து இரும்பின் மலிவு எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் அடிப்படையானது எரிபொருள். இங்கிலாந்தின் உலைகள் நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கோக்கினால் இயங்கின. ஆகவே அவை ஒரே இடத்தில் நிலைத்துப் பெருகின. பரங்கிப்பேட்டை உலைகளோ ஆண்டுதோறும் தொலைவாகிக்கொண்டிருந்த காட்டை நம்பியிருந்தன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் கட்டுப்பாட்டில் கொணர்ந்தபோது, எஞ்சியிருந்த சிற்றுலைகளுக்கும் கரி கிடைப்பது அரிதாயிற்று. 1862இல் சென்னையையும் பேப்பூரையும் சேலம், போத்தனூர் வழியாக இணைத்த இருப்புப்பாதை அயல்நாட்டு இரும்பை உள்நாட்டுச் சந்தைவரை கொண்டுவந்தது. உருக்குவோர் தொழிலிழந்தனர், கொல்லர்கள் வெளியிரும்பைக் கொண்டு கலப்பைக் கொழுவும் மண்வெட்டியும் செய்யலாயினர்.

பரங்கிப்பேட்டையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மண்ணுக்கடியில் கிடந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. அதனை அன்று எவரும் அறிந்திலர். அறிந்திருந்தாலும் அக்காலத் தொழில்நுட்பம் கொண்டு அதனை எடுத்திருக்கவோ, ஊது உலையில் நேரே இட்டிருக்கவோ இயலாது. ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரி கோக்காக மாறும் தன்மையுடையதன்று. எனவே இதனைத் தவறவிட்ட வாய்ப்பு எனல் பொருந்தாது. கொங்குக் கனிமமும் தென்னார்க்காட்டு எரிபொருளும் ஒன்றுக்கொன்று தேவையாகும் சூழல் நூறாண்டுக்குப் பின்னரே உருவாயிற்று.

ஆலைகளும் அருவிநீரும்

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலையான கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்ஸ் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் 1888இல் தோன்றியது. கரிசல் நிலப் பருத்தியும் உழைப்பாளரும் அருகில் இருந்தனர். ஆனால் நீராவிப் பொறிக்கு வேண்டிய நிலக்கரி வங்கம், பீகார் போன்ற தொலைநிலங்களிலிருந்து வர வேண்டியிருந்தது. தொலைவு கூடக் கூடக் கரியின் விலையில் ஏற்றுகூலியின் பங்கு கூடியது. பம்பாய் ஆலைகள் துறைமுகத்தை அடுத்திருந்தமையால் கடல்வழி நிலக்கரியைப் பெற முடிந்தது. கடலிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் ஒருங்கே விலகியிருந்த கோயம்புத்தூரில் நாற்பது ஆண்டுக்காலம் ஆலைத்தொழில் மெல்லவே வளர்ந்தது.

இந்நிலையை மாற்றியது நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம். சர் சி. பி. இராமசாமி ஐயர் சென்னை அரசின் சட்ட உறுப்பினராக இருந்தபோது ஊக்கிய இத்திட்டம் 1932இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. தொள்ளாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட வீழ்ச்சியில் இறங்கும் நீர், மலையடிவாரத்து நகரத்திற்கு மின்சாரமாக வந்தது. கரிக்கிடங்கும் கொதிகலனும் புகைபோக்கியும் இன்றி ஆலை நிறுவ முடிந்தது. 1930களில் கோயம்புத்தூரிலும் சுற்றுவட்டாரங்களிலும் நூற்பாலைகள் விரைந்து பெருகின. மதுக்கரைச் சிமெண்டு ஆலையும் 1934இல் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்று, 1937இல் அங்கும் நீர்மின் உற்பத்தி தொடங்கியது.

மின்சாரம் ஆலையோடு நிற்கவில்லை. கவலை கட்டி மாடுகளால் நீர் இறைத்த ஆழ்கிணறுகளுக்கும் அது சென்றது. ஜி. டி. நாயுடு, து. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கப்பட்டது. மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகளும் அவற்றிற்கு வார்ப்படம் தரும் ஃபவுண்டரிகளும் நகரெங்கும் தோன்றின. இவற்றின் அமைப்பு ஆராயத்தக்கது. நிலக்கரி வயல்களை அடுத்து எழுந்த தொழில்நகரங்களில் பேருலையும் பெருநிறுவனமும் மையமாக அமைந்தன. கொங்கில் மின்கம்பி சென்ற இடமெல்லாம் சிறுபட்டறை எழுந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரைக் கொண்டு ஒரு குடும்பம் தொழில் தொடங்க இயன்றது. வேளாண் குடும்பத்தின் சேமிப்பே முதலாயிற்று. நீராவிப் பொறிக்கு அத்தகைய சிற்றளவு இல்லை. நிலக்கரி இல்லாமை கொங்குத் தொழிலைச் சிதறிய, சிறிய, பலர் பங்குகொள்ளும் வடிவத்திற்குத் திருப்பியது என்பதை இதனால் அறியலாம்.

ஆயினும் நீர்மின்சாரம் மழையைச் சார்ந்தது. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் அணைநீர் குறைந்து மின்வெட்டு ஏற்பட்டது. அதே ஆண்டுகளில்தான் கிணற்று நீர் ஆழத்திற்கு இறங்க, உழவர்க்கு மின்சாரம் மிகுதியாகத் தேவைப்பட்டது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டு உதவியோடு தொடங்கிய குந்தா திட்டம் 1960இல் உற்பத்திக்கு வந்தபோதும் இம்முரண்பாடு தீரவில்லை. மழையைச் சாராத மின்சாரம் வேண்டும் என்னும் தேவை நெய்வேலியை நோக்கித் திருப்பியது.

நெய்வேலி: கண்டறிதலும் அகழ்தலும்

1930களின் நடுவில் தென்னார்க்காட்டு நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டு ஆராய்ந்தது. விடுதலைக்குப் பின் சென்னை அரசின் முயற்சியில் சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் விரிவான ஆய்வை நடத்தினார். 1953இல் சோதனைச் சுரங்கம் வெட்டப்பட்டது. பவல் டஃப்ரின் என்னும் பிரித்தானிய நிறுவனம் திட்ட அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20இல் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

நெய்வேலிப் படிவம் மயோசீன் காலத்தது. கோண்டுவானாப் படுகைகளின் நிலக்கரியோடு ஒப்பிடின் வயதில் மிக இளையது. எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம், சாம்பல் குறைவு, எரிவெப்பம் கிலோவுக்கு 2,500 கிலோகலோரி அளவில் அமைவது. படிவம் தரைமட்டத்திலிருந்து 45 மீட்டர் முதல் நூறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழம் வரை கிடக்கிறது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கனமீட்டர் மேல்மண்ணையும் மணற்பாறையையும் அகற்ற வேண்டும்.

மண்ணைவிடப் பெரிய தடையாக நின்றது நீர். படிவத்தின் அடியில் அழுத்தம் மிக்க ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை உள்ளது. மேலுள்ள மண்ணை நீக்கினால் அந்நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பெயர்த்து மேலெழும். அழுத்தத்தைத் தணிக்க, சுரங்கத்தைச் சுற்றிக் கிணறுகள் இட்டு இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வகையில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கமாக இயங்குவதற்கு முன் நீரிறைக்கும் களமாக இயங்க வேண்டியதாயிற்று. மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த சக்கரவாளி அகழ்பொறிகள் மண்ணை வெட்டின. 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியால் அமைந்த முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கியது. அந்நிலையம் 1970இல் 600 மெகாவாட் திறனை எட்டியது.

ஈரம் மிகுந்த இக்கரியைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது பயனற்றது. ஏற்றும் எடையில் பாதி நீராகவே இருக்கும். திறந்து வைத்தால் நொறுங்கும். தானே தீப்பற்றவும் கூடும். ஆதலால் சுரங்க வாயிலிலேயே அதனை எரித்து மின்சாரமாக்க வேண்டும். கரிக்கட்டியாக்கிய ‘லெக்கோ’ வீட்டு அடுப்புகளுக்கும் சிறுதொழில்களுக்கும் சென்றதெனினும், நெய்வேலியின் முதன்மை விளைபொருள் மின்சாரமே. கோயம்புத்தூர் வாழ்நர் நெய்வேலிக் கரியை மிகுதியும் காணவில்லை. சேலம் வழியாக வந்த உயரழுத்த மின்தடங்களில் அதன் ஆற்றலை மட்டும் பெற்றனர். நுகர்வோர் கண்ணுக்குக் கரியும் தெரியவில்லை. கரிக்காகப் பெயர்க்கப்பட்ட ஊரும் தெரியவில்லை.

கஞ்சமலை இரும்பும் நெய்வேலிக் கரியும்

இவ்விரு நிலங்களையும் நேரடியாக இணைக்கும் திட்டமொன்றும் எழுந்தது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் சேலத்து இரும்புக் கனிமத்தை நெய்வேலிக் கரி கொண்டு உருக்கும் வழி ஆராயப்பட்டது. இரண்டின் மாதிரிகளும் அயல்நாட்டு உலைகளில் சோதிக்கப்பட்டன. கோக்கிற்கு மாற்றாகப் பதப்படுத்திய பழுப்பு நிலக்கரியைப் பயன்படுத்தலாம் என்பதே இதன் அடிப்படை. பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் 1962இல் நடுவண் எஃகுத்துறை அமைச்சராகிப் பின்னர்ச் சுரங்கத்துறையையும் ஏற்றமையால் எதிர்பார்ப்பு வளர்ந்தது. 1967 ஜூலையில் அண்ணாதுரை தலைமையிலான அரசின்போது சேலம் எஃகாலை முதலிய கோரிக்கைகளுக்காக ‘எழுச்சி நாள்’ கடைப்பிடிக்கப்பட்டது. 1970 செப்டம்பர் 16இல் இந்திரா காந்தி சேலத்தில் அடிக்கல் நாட்டினார்.

ஆனால் 1981-82இல் இயங்கத் தொடங்கிய சேலம் எஃகாலை கஞ்சமலைக் கனிமத்தை உருக்கும் ஆலையாக அமையவில்லை. வெளியிலிருந்து பெற்ற துருப்பிடிக்கா எஃகுச் சுருள்களைத் தகடாக இழைக்கும் ஆலையாகவே அமைந்தது. கஞ்சமலைக் கனிமத்தில் இரும்பின் விழுக்காடு குறைவு. செறிவூட்டும் செலவு மிகுதி. பழுப்பு நிலக்கரி வழி உருக்கும் முறையும் பேரளவில் ஊதியம் தருவதாக உறுதிப்படவில்லை. பரங்கிப்பேட்டையில் காட்டினால் தடைப்பட்ட சேலத்து இரும்பு, இம்முறை எரிபொருளின் தன்மையாலும் கனிமத்தின் தன்மையாலும் தடைப்பட்டது. கொங்குக்கும் நெய்வேலிக்கும் இடையே எஞ்சிய பாலம் மின்கம்பி ஒன்றே.

இரு உழவர் போராட்டங்கள்

மின்மோட்டார் கொங்கு உழவனின் இன்றியமையாக் கருவியான பின், மின்கட்டணம் அவனுடைய வாழ்வாதாரச் சிக்கலாயிற்று. 1970இல் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட உழவர்கள் போராடினர். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உழவர் மூவர் உயிரிழந்தனர். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோயம்புத்தூர் நகரத் தெருக்களை அடைத்து நின்றன. இவ்வியக்கம் தமிழகமெங்கும் பரவியது. 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் ஏனைய உழவர்களுக்கும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்பட்டது.

அதே காலப்பகுதியில் நெய்வேலியில் வேறொரு வகை உழவர் சிக்கல் வளர்ந்துவந்தது. 1978இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் சுரங்கமும், அதனைச் சார்ந்து 1,470 மெகாவாட் திறனை எட்டிய இரண்டாம் அனல்மின் நிலையமும், பின்னர் வந்த சுரங்கம் ஒன்று-ஏ விரிவாக்கமும் மேன்மேலும் நிலம் கோரின. திறந்தவெளிச் சுரங்கத்தின் இயல்பு நகர்தல். வெட்டிய இடத்தை மூடிக்கொண்டே அடுத்த ஊரை நோக்கி அது செல்லும். ஆகவே நில எடுப்பு ஒரு தலைமுறையோடு முடிவதன்று. இழப்பீட்டின் அளவு, நிலமிழந்த குடும்பத்திற்கு நிரந்தர வேலை, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை, சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டம் ஆகியன அரை நூற்றாண்டாகத் தீராத வழக்குகள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் பொறிகளை இறக்கிக் கால்வாய் வெட்டியமை பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது.

இவ்விரு போராட்டங்களும் தனித்தனி நிகழ்வுகளாகவே பதிவாகியுள்ளன. ஒன்று மின்சாரத்தின் விலை குறித்தது. மற்றொன்று மின்சாரத்திற்காக இழந்த நிலம் குறித்தது. எனினும் இரண்டும் ஒரே மின்கட்டமைப்பின் இரு முனைகளில் நிகழ்ந்தவை. முதல் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் முழுதும் தமிழ்நாட்டிற்கே ஒதுக்கப்பட்டிருந்தது. கொங்குக் கிணற்றில் நீரை மேலேற்றிய மின்சாரத்தின் ஒரு பகுதி, தென்னார்க்காட்டில் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றிய பின்னரே பெறப்பட்டது. இருபுறத்து உழவரும் முரண்பட்ட நலன் உடையவர்போல் தோன்றினும், நீர், நிலம், மின்சாரம் ஆகிய மூன்றன் மீதும் முடிவெடுக்கும் இடத்தில் இருவருமே இருக்கவில்லை என்பதில் ஒத்தவர்களே.

தொலைநிலக் கரியும் மின்கோபுரங்களும்

நெய்வேலி மட்டும் போதாத நிலை 1980களிலேயே ஏற்பட்டது. சேலம் மாவட்டம் மேட்டூரில் 1987 முதல் 1990 வரை நான்கு அலகுகளாக 840 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்தது. ஒடிசாவின் நிலக்கரி இருப்புப்பாதையில் பாராதீப் துறைமுகத்தை அடைந்து, கப்பலில் தமிழகக் கரைக்கு வந்து, மீண்டும் தொடர்வண்டியில் மேட்டூரை எட்டுகிறது. நூறாண்டுக்கு முன் ஆலைகளைத் தயங்கவைத்த தொலைவு மறையவில்லை. அதன் செலவு மின்வாரியக் கணக்கிற்கு மாறியது. 2008க்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த மின்பற்றாக்குறை கோயம்புத்தூரின் குறுந்தொழில் பட்டறைகளை முடக்கியபோது, நிலக்கரி இல்லாமை மறைந்த வரலாறு அன்று என்பது மீண்டும் உணரப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பயன்படுத்தும் பல்லடம், உடுமலை வட்டாரக் காற்றாலைகள் இவ்வில்லாமைக்கு இந்நிலம் தானே தேடிய மற்றொரு விடையாகும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை அமைந்த 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் அண்மைக்கால வளர்ச்சி. ஆறாயிரம் மெகாவாட் கொண்டுவரும் திறனுடைய இத்தடம் நிலக்கரி வயல்களின் அனல்மின்சாரத்தைக் கொங்கு நிலத்திற்கே கொணர்கிறது. இதற்கும் இதனைச் சார்ந்த தடங்களுக்கும் விளைநிலங்களில் கோபுரம் நடுவதை எதிர்த்து 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஈரோடு, திருப்பூர் முதலிய மாவட்ட உழவர்கள் போராடினர். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் வழி நிலத்தில் நுழைவதையும், நிலமதிப்பு வீழ்வதற்கு ஏற்ற ஈடு இன்மையையும் அவர்கள் சுட்டினர். நெய்வேலி உழவர் எழுப்பிய இழப்பீட்டு வினாவைக் கொங்கு உழவர் தம் வயலில் நின்று எழுப்பிய முதன்மையான தருணம் இது. கோபுரத்தடி நிலத்தின் இழப்பும் சுரங்கத்தில் ஊரே பெயர்வதும் அளவில் ஒப்பிடத்தக்கன அல்ல. ஆனால் நிலக்கரியின் சுமை பயன்பெறும் நிலத்தையும் தொட்டது என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

முதலாவது, கொங்கு நாட்டில் நிலக்கரி இல்லாமை தொழில் வளர்ச்சியைத் தடுத்த குறை மட்டுமன்று. அதன் வடிவத்தை வரையறுத்த காரணமும் ஆகும். கனிமம் இருந்தும் பேருலை நிலைக்கவில்லை. மின்மோட்டாரை நம்பிய சிறுபட்டறையும் நூற்பாலையும் நிலைத்தன.

இரண்டாவது, மரக்கரி முதல் நெய்வேலி வரை ஒவ்வோர் எரிபொருளும் முந்தையதன் வரம்பிலிருந்து பிறந்தது. காடு குறைந்தமை வெளிநிலக்கரியையும், அதன் தொலைவு அருவிநீரையும், மழையின் நிலையாமை பழுப்பு நிலக்கரியையும் தேடவைத்தன.

மூன்றாவது, பழுப்பு நிலக்கரி மின்சாரமாக மட்டுமே பயணம் செய்ய வல்லது. இப்பண்பு பயன்பெறும் நிலத்தையும் இழக்கும் நிலத்தையும் ஒன்றையொன்று காணாதவாறு பிரித்தது. கொங்கு உழவர் போராட்டமும் நெய்வேலி உழவர் போராட்டமும் தனித்தனி வரலாறுகளாக எழுதப்பட்டமைக்கு இப்பிரிவு ஒரு காரணம்.

சோவியத் உதவியால் எழுந்த நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அதற்கீடாக ஆயிரம் மெகாவாட் திறனுடைய புதிய நிலையம் எழுந்துள்ளது. காற்று, கதிரவன் ஆகியவற்றின் பங்கும் பெருகி வருகிறது. எரிபொருள் மீண்டும் மாறும் இக்காலத்தில் புதிய மின்சாரம் எவர் நிலத்தில் பிறக்கிறது, எவர் நிலத்தைக் கடக்கிறது, எவர் கிணற்றை அடைகிறது என்னும் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும். வட்டார வரலாறுகளை மாவட்ட எல்லையோடு நிறுத்தாமல், அவற்றை இயக்கிய ஆற்றலின் தடம் வழியே தொடர்ந்து எழுதும் ஆய்வுகள் இதற்குத் துணைநிற்கும்.